பட்டியலில் பதினாலாயிரம் பேர், விழாவுக்கு நாற்பது பேர்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, நம் கல்லூரிகளில் பழைய மாணவர் பட்டியல் என்பது யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் கிடக்கும் எக்செல்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது திருச்சியில் இருந்துகொண்டு, கேட்கிற கல்லூரிகளுக்கு யோசனை சொல்கிறேன். ஆகவே இந்த இதழ் முழுக்க அதே சங்கதி.

எங்கள் பொறியியல் கல்லூரியின் பட்டியலில் 14,000 பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு நாற்பது பேர் வந்தால் பெரிசு. யார் யார் கல்லூரியோடு எவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்கள் என்று காட்டும் 'எங்கேஜ்மென்ட் ரிப்போர்ட்' ஒன்று தயார் பண்ணுங்கள் என்கிறார் கரஸ்பாண்டென்ட். எங்கிருந்து தொடங்குவது?
– பழைய மாணவர் சங்கச் செயலாளர், கோவை

முதலில் அந்தப் பதினாலாயிரம் நிஜமா என்று பாருங்கள். இருக்காது என்று இங்கிருந்தே சொல்கிறேன்.

1996-ல் மெக்கானிக்கல் முடித்த ஆர். செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கல்லூரி ரிஜிஸ்டரில் 'செந்தில்குமார் ஆர்'. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். 'செந்தில்குமார் ராமசாமி' ஆனார். டெக்சாஸ் போனதும் அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்பா பெயரால் கூப்பிட, சலித்துப்போய் லிங்க்ட்இன்னில் 'குமார் ராமசாமி' என்று போட்டுக்கொண்டார். வெள்ளி விழாவுக்கு வந்தவர், கூகுள் ஃபார்மில் பழைய பாசத்தில் 'செந்தில் மெக்' என்று எழுதிவிட்டுப் போனார். உங்கள் எக்செல்லில் இவர் நான்கு பேர். ஒருவர் பணம் கொடுத்தவர், ஒருவர் விழாவுக்கு வந்தவர், மற்ற இருவர் 'தொடர்பே இல்லாதவர்கள்'. பெண்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல்: கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடும். ஆங்கில எழுத்தில் வேறு, தமிழரசனின் ழகரத்துக்கு ஒருவர் இஸட்-ஹெச் போடுவார், இன்னொருவர் ஒற்றை எல்லோடு விட்டுவிடுவார். பெயரை வைத்து ஆளைச் சேர்க்கும் சாஃப்ட்வேர்களெல்லாம் ஸ்மித்துக்கும் ஜோன்ஸுக்கும் எழுதப்பட்டவை. நம்மூர்ப் பெயர்களிடம் திணறும்.

அதற்காக அவசரப்பட்டு எல்லாரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரே பேட்ச், ஒரே பிரிவு, இரண்டு எஸ். கார்த்திக் இருப்பது சர்வ சாதாரணம். இருவரையும் ஒருவராக்கினால் ஒருவர் கொடுத்த பணத்துக்கு மற்றவருக்கு ரசீது போகும். ஒரே ஆள் இரண்டாகக் கிடப்பதைவிட அது மோசம்; பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

நம்பகமான ஒரே திறவுகோல் பல்கலைக்கழகப் பதிவு எண்தான். அது கிடைக்காத பழைய பேட்ச்களுக்கு, சேர்ந்த ஆண்டு, பிரிவு, பிறந்த தேதி மூன்றும் சேர்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். செல் நம்பரை நம்பாதீர்கள், நாடு மாறினால் அதுவும் மாறும். அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் எங்காவது ஸ்டோர் ரூமில் இருக்கும். தூசி தட்டி, அதை முதலில் டைப் அடிக்கச் சொல்லுங்கள். பட்டியலின் அடித்தளம் அதுதான், வாட்ஸ்அப் குரூப் இல்லை.

இனி ரிப்போர்ட். கல்வி நிறுவனங்களின் பழைய மாணவர், நன்கொடைப் பிரிவுகளுக்கான சர்வதேச அமைப்பான கேஸ் (CASE), ஒரு பழைய மாணவர் கல்லூரியோடு வைத்திருக்கும் உறவை நான்கு வகையாகப் பிரிக்கிறது: பணம் கொடுப்பது, உழைப்பைக் கொடுப்பது, நேரில் வந்து கலந்துகொள்வது, தொடர்பில் இருப்பது. பாடத்திட்டக் குழுவில் உட்கார்வதும், மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவதும் இரண்டாம் வகை. இந்த நான்கையும் கூட்டிப் பெருக்கி, 'இவருக்கு 73 மதிப்பெண்' என்று கொடுக்கச் சொல்லி உங்களைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 73-ஐ வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நான்கு தேதிகளை மட்டும் வையுங்கள்: கடைசியாக எப்போது கொடுத்தார், எப்போது உழைத்தார், எப்போது வந்தார், எப்போது பதில் எழுதினார். பிறகு பேட்ச் வாரியாகத் தொகுத்துப் பாருங்கள். சில பேட்ச்களில் நான்கு கட்டமும் நிறைந்திருக்கும், அடுத்த பேட்ச் துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருக்கும். விசாரித்தால் நிறைந்த பேட்ச்களில் ஒரு பழைய கிளாஸ் ரெப் இன்னமும் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பார். காலி பேட்சுக்கு அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் அடுத்த வேலை. கரஸ்பாண்டென்ட் மேஜைக்குப் போகும் தாளில் அந்தக் காலி பேட்ச்களின் பெயர்கள்தான் முதலில் இருக்க வேண்டும்.

ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் ரிப்போர்ட் எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நான் எடுக்கும் மொத்தமும் கணக்குப் பிரிவின் மொத்தமும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. எப்போதும் என்னுடையதுதான் கூடுதல். மேனேஜர் ஒரு மாதிரி பார்க்கிறார்.
– வாசகி, கொலம்பஸ்

கூடுதலாக வருகிறது என்று எழுதினீர்களே, நோய் பாதி தெரிந்துவிட்டது. குறைவாக வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

உங்கள் க்வெரியில், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையில், நன்கொடை டேபிளோடு பட்டங்கள் இருக்கும் டேபிளை நேரடியாக ஜாயின் செய்து ஒட்டியிருப்பீர்கள். ஒருவர் அங்கேயே இளங்கலையும் முதுகலையும் படித்தவர். ஆயிரம் டாலர் கொடுத்திருக்கிறார். பட்ட டேபிளில் அவருக்கு இரண்டு வரி. ஜாயின் செய்த மாத்திரத்தில் அந்த ஆயிரம் இரண்டு வரியிலும் வந்து உட்காரும், கூட்டினால் இரண்டாயிரம். வீட்டு முகவரி, அலுவலக முகவரி என்று முகவரி டேபிளையும் சேர்த்திருந்தால் நாலாயிரம். அவர் கையிலிருந்து போனது என்னவோ ஆயிரம்தான். கல்யாண மொய்யை மாப்பிள்ளை வீட்டு நோட்டிலும் பெண் வீட்டு நோட்டிலும் எழுதிவிட்டு இரண்டையும் கூட்டுகிற கணக்கு இது.

இதைக் கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் 'டிஸ்டிங்க்ட்' கட்டளையை மேலே போட்டுவிடலாம் என்பது. வேண்டவே வேண்டாம். ஒரே ஆள் ஒரே நாளில் நூலகத்துக்கு நூறு, ஸ்காலர்ஷிப்புக்கு நூறு என்று இரண்டு முறை கொடுத்திருப்பார்; அடையாள எண், தேதி, தொகை மூன்றும் ஒன்று என்பதால் டிஸ்டிங்க்ட் அதில் ஒன்றை விழுங்கிவிடும். அப்புறம் மொத்தம் குறைய ஆரம்பிக்கும். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டித் தற்செயலாகச் சரியான எண் வந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. முறையான வழி இது: நன்கொடை டேபிளை மட்டும் தனியாக எடுத்து, ஆள் வாரியாகக் கூட்டுங்கள். அந்த மொத்தம் கணக்குப் பிரிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு, ஓர் ஆளுக்கு ஒரே பட்டம், ஒரே முகவரி என்று தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு டேபிளை ஒட்டியதும் வரிகளின் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, கணவன் மனைவி இருவரும் அங்கே படித்தவர்கள். செக் கணவர் பெயரில், பாராட்டுக் கணக்கு மனைவிக்கும். சாஃப்ட் கிரெடிட் என்று உங்கள் ஆபீஸில் சொல்வார்கள். பாராட்டுக்குரிய தொகையைப் பணத்தோடு கூட்டக் கூடாது. இரண்டு, ஐந்து வருஷத்தில் 50,000 டாலர் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாக்குறுதியாக இன்றைக்கே முழுசாக எழுதுகிறீர்களா, வந்த தவணையை மட்டும் எழுதுகிறீர்களா? மூன்று, தேதி. டிசம்பர் 31 அஞ்சல் முத்திரையோடு வந்த செக் கொடுத்தவருக்கு அந்த வருஷத்து நன்கொடை. வங்கியில் விழுவது ஜனவரியில்.

இந்த மூன்று விஷயத்திலும் உங்கள் அலுவலகம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலையிலும் எழுதிவிடுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாக்குறுதி சேர்த்தா சேர்க்காமலா, எப்போது எடுத்தது. நாலே வரி. மேனேஜரின் பார்வை மாறும்.

படித்த கல்லூரிக்கு ஒரு முறை ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதிலிருந்து மார்ச் மாதம் பிறந்தால் போன் வருகிறது. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொன்னதில்லை. இதெல்லாம் உங்கள் ரிப்போர்ட் செய்கிற வேலையா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சென்னை

ஆமாம் சார், எங்கள் வேலைதான். அமெரிக்காவில் இதற்கு லைபன்ட் லிஸ்ட் என்று பெயர். போன வருஷம் கொடுத்தார், துரதிர்ஷ்டவசமாக இந்த வருஷம் இன்னும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். போன வருஷமும் இல்லாமல், முன்பு எப்போதோ ஒரு வருஷம் கொடுத்தவர்கள் சைபன்ட். நீங்கள் இப்போது சைபன்ட்டில் இருக்கிறீர்கள். மார்ச்சில் கூப்பிடுவது, நிதியாண்டு முடிவதற்குள் நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகையை நினைத்து.

லிஸ்டில் குற்றமில்லை. புதிதாக ஒருவரைக் கொடுக்க வைப்பதைவிட, ஒரு முறை கொடுத்தவரை மறுபடி கொடுக்க வைப்பது எளிது. அதனால் எந்த நன்கொடை அலுவலகத்துக்கும் இதுதான் முதல் ரிப்போர்ட். போன வருஷம் கொடுத்த 400 பேரில் 180 பேர் இந்த வருஷமும் கொடுத்தால், தக்கவைத்தது 45 சதவீதம். அந்த ஒற்றை எண்ணைச் சொல்லச் சொன்னால் நம் கல்லூரிகளில் பலர் முழிப்பார்கள். மொத்த வசூல் மட்டும் வாயில் இருக்கும்.

குற்றம், லிஸ்டில் இடம்பெறாமல் போன இரண்டு கட்டங்களில் இருக்கிறது: நன்றி சொன்ன தேதி, பணம் எதற்குச் செலவானது என்று தெரிவித்த தேதி. இந்த இரண்டும் காலியாக இருப்பவர்களைக் கூப்பிடும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் நான் லிஸ்ட் கொடுப்பேன். முதலில் கடிதம் போகட்டும், அப்புறம் போன். நீங்கள் சும்மா விடாதீர்கள். அடுத்த முறை போன் வந்தால், அந்த ஐயாயிரத்துக்குச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி நன்கொடை வாங்கும் நிறுவனம் கொடுத்தவர் வாரியாக 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டி, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்று விதி வந்தது. அதற்குப் பிறகு கொடுத்தது என்றால் அவர்கள் டேட்டாபேஸில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டிக்காக அறிக்கை தயாரிக்கிறோம். பழைய மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் நன்கொடை கொடுத்தால் நல்ல கல்லூரி என்று சொல்லலாம்?
– ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர், மதுரை

நாக் உங்களைச் சதவீதம் கேட்கவில்லையே மேடம். அதன் படிவத்தில் பழைய மாணவர் பகுதியான 5.4-ல் பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, பங்களிப்பு எத்தனை லட்சம் என்றுதான் கேட்டு வந்திருக்கிறது. நீங்களாகச் சதவீதம் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சதவீதம் என்பது வகுபடும் எண்ணை விட வகுக்கும் எண்ணில்தான் விளையாடும். 10,000 பேரில் 500 பேர் கொடுத்தால் ஐந்து சதவீதம். முகவரி தெரியாத 5,000 பேரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டால், ஒரு ரூபாய்கூட அதிகமாக வாங்காமல் பத்து சதவீதம் ஆகிவிடும். அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் கல்லூரித் தரவரிசையில் பழைய மாணவர் நன்கொடைச் சதவீதத்துக்கு மதிப்பெண் இருந்த காலம் முழுக்க இந்த விளையாட்டும் இருந்தது. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் இந்த எண்ணை 1999 முதல் ஏற்றிச் சொல்லிவந்தது 2019-ல் வெளியே வந்தது. 14 சதவீதம் என்று கொடுத்திருந்தார்கள். சரியான எண் 9.7. அந்தப் பல்கலைக்கழகத்தையே தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த பட்டியலில் யு.எஸ். நியூஸ் அந்த அளவுகோலையே கைவிட்டது. யேல் 1890-ல் பழைய மாணவர் நிதி தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஒரு பண்பாட்டை அளக்கும் எண் அது. ஃபீஸ் கட்டியதோடு கணக்கு முடிந்தது என்று வளர்ந்த நம் பிள்ளைகளை அதே அளவுகோலால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சராசரியும் போடாதீர்கள். 2024 ஆகஸ்டில் சென்னை ஐஐடிக்கு அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி ரூபாய் கொடுத்தார். அப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் வந்துவிட்டால் சராசரி எங்கோ பறக்கும். மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதே தெரியாது. தொகைகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை, அதாவது இடைநிலையைச் சொல்லுங்கள். அதோடு பேட்ச் வாரிக் கணக்கும் சேருங்கள். மும்பை ஐஐடியின் 1998 பேட்ச் 2023-ல் வெள்ளி விழாவின்போது 57 கோடி ரூபாய் கொடுத்தது. இருபத்தைந்தாம் வருஷம் எல்லாக் கல்லூரிக்கும் வரும். அடுத்த மூன்று வருஷங்களில் உங்கள் கல்லூரியில் எந்தெந்த பேட்சுக்கு வெள்ளி விழா, அதில் எத்தனை பேருடைய முகவரி சரியாக இருக்கிறது என்று ஒரு பக்கம் இருந்தால், கமிட்டிக்கும் பிடிக்கும், உங்களுக்கும் உபயோகப்படும்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?
– பெயர் வேண்டாம் என்கிற வாசகர், சேலம்

அமெரிக்காவில் ரெய்சர்ஸ் எட்ஜ், எல்லுசியன் அட்வான்ஸ், சேல்ஸ்ஃபோர்ஸ் என்று பலதும் உண்டு. ஒரே ஒரு கிளார்க் இருக்கும் அலுவலகத்துக்கு இதில் எதுவும் தேவையில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸே தாராளம். விற்க வருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: என் தரவு முழுவதையும் நான் நினைத்த நேரத்தில் சிஎஸ்வியாக, அதாவது எக்செல்லிலும் திறக்கும் சாதாரணக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? இழுத்துப் பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆதார் எண்ணைச் சேகரித்து வைக்காதீர்கள். ரெய்சர்ஸ் எட்ஜ் தயாரிக்கும் பிளாக்பாட் நிறுவனத்தையே 2020-ல் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் தாக்கி, பல பல்கலைக்கழகங்களின் தகவல்கள் களவு போயின. 80ஜி கணக்குக்கு பான் எண் போதும்.

ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் விழாச் செலவை ஏற்கிறேன், பழைய மாணவர் பட்டியலைக் கொடுங்கள் என்கிறது. கொடுக்கலாமா?
– சங்கப் பொருளாளர், ஈரோடு

கூடாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பட்டியலில் உங்கள் செல் நம்பரும் இருக்கிறது.

ஏஐ வைத்து, யார் நன்கொடை கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? ஃபைனல் இயர் புராஜெக்டாகச் செய்ய ஆசை.
– டேட்டா சயன்ஸ் மாணவர், தாம்பரம்

செய்யுங்கள் தம்பி. ஆனால் ஏஐக்கு முன்னால் மூன்று விவரம் போதுமா என்று பாருங்கள்: கடைசியாக எப்போது, எத்தனை முறை, எவ்வளவு. ஆர்எஃப்எம் என்பார்கள். இந்த மூன்றை வைத்து வரிசைப்படுத்திய லிஸ்டை உங்கள் மாடல் தோற்கடிக்காவிட்டால் மாடல் எதற்கு?

எல்லோரும் பதவியையும் சம்பளத்தையும் தேடி ஓடுவார்கள். நான் முதலில் பார்ப்பது, சின்னத் தொகையை விடாமல் கொடுத்துவருபவர்களை. வருஷா வருஷம் 25 டாலர் அனுப்பும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் உயிலில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதிவைப்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் அனைவருக்கும் தெரியும். தொகையை விட்டுவிட்டு, தொடர்ந்து எத்தனை வருஷம் என்பதை மட்டும் வைத்து ஒரு லிஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

பயிற்சித் தரவில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். நன்கொடை கொடுத்தவர்களுடைய வேலை, முகவரி எல்லாம் டேட்டாபேஸில் நிறைவாக இருக்கும், ஏனென்றால் கொடுத்தபோது ரசீதுக்காகக் கேட்டு வாங்கியிருப்பார்கள். உங்கள் மாடல் 'வேலை விவரம் இருந்தால் கொடுப்பார்' என்று கற்றுக்கொண்டு 95 சதவீதத் துல்லியம் காட்டும். கைட் சந்தோஷப்படுவார். பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் வரை தெரிந்திருந்ததை மட்டும் வைத்துக் கணிக்கச் சொல்லுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்து மெசேஜுக்கு 'நன்றி' என்று பதில் போட்டால் அதையும் எங்கேஜ்மென்ட்டில் சேர்க்கலாமா?
– வாசகர், விருதுநகர்

நம்பர் வேலை செய்கிறது என்ற கணக்கில் சேருங்கள்.

எங்கள் பழைய மாணவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். வெளிநாட்டு நன்கொடைக்கு, அதற்கென்றே உள்ள எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவு வேண்டும் என்கிறார் ஆடிட்டர். 'நாடு' கட்டத்தை வைத்து அவர்களைப் பிரித்து ரிப்போர்ட் எடுத்தால் போதுமா?
– கலைக் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், தஞ்சாவூர்

போதாது, ஏனென்றால் சட்டம் பார்ப்பது குடியுரிமையை. குடியிருக்கும் இடத்தை அல்ல. துபாயில் இருபது வருஷமாக இருப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே பேட்ச்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோடு தஞ்சாவூரிலேயே வந்து தங்கியிருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அந்தப் பணம் 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் இதற்கென்றே தொடங்கிய கணக்கில்தான் வந்து விழ வேண்டும்.

ஆகவே 'நாடு' கட்டத்துக்குப் பக்கத்தில் 'குடியுரிமை' என்று ஒன்று சேருங்கள். அதற்குப் பக்கத்தில் 'கேட்டறிந்த தேதி'. குடியுரிமை மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். மூன்று வருஷத்துக்கு முன் கேட்டதை வைத்து இன்றைக்குப் பணம் வாங்கக் கூடாது. நன்கொடைப் படிவத்திலேயே அந்தக் கேள்வியை வைத்து, பதில் இல்லாமல் அடுத்த பக்கம் போகாதபடி செய்துவிட்டால் பிறகு நீங்கள் யாரையும் துரத்த வேண்டியிருக்காது. பதிவு கிடைக்கும்வரை ஓசிஐக்காரர்களை நன்கொடை லிஸ்டிலிருந்து மட்டும் நீக்குங்கள், விழா லிஸ்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போக எந்தப் பதிவும் தேவையில்லை.